ஹெலிகாப்டர் மாமாவுக்காக ஒரு பதிவு

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் விடமாட்டேன் என்பது என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அதே பொறுமையோடு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மண்ணிவாக்கத்தில் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. மொட்டை மாடியில் பந்தல் போட்டுப் பந்தி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வானத்தில் ஹெலிகாப்டர் சத்தம். என் தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே "சேத்தக்" என்றான். பந்தி முழுக்க ஒரே சிரிப்பு. "ஹெலிகாப்டர் மாமா ஆரம்பிச்சுட்டார்" என்றது ஒரு குரல். "மாமா, ரெண்டாவது தடவை சாம்பார் வரலை, ஒரு ஏர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்களேன்" என்றான் ஒரு பொடியன். தம்பியும் சிரித்தான். அவனுக்கு இது பழக்கம்தான்.

ஆனால் எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "அன்னைக்குக் கையில ரேடியோவை வெச்சுக்கிட்டு ஒரு ஹெலிகாப்டரைக் கூப்பிட முடியலை. இப்ப என்ன இதெல்லாம்?" என்றார். தம்பி பாயசத்துக்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டான். எங்கள் வீட்டில் பந்தியில் பாதியில் எழும் வழக்கம் கிடையாது.

நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

என் தம்பி தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இளவயதிலிருந்தே அவனுக்கு ஹாம் ரேடியோ பைத்தியம். ஹாம் என்றால் அமெச்சூர் வானொலி. பணத்துக்காக இல்லாமல், ஆர்வத்துக்காகச் சொந்தக் கருவியில் ஊர் ஊராகப் பேசுகிறவர்கள். இதற்கு மத்திய அரசு தேர்வு வைத்து உரிமம் தருகிறது. உரிமத்தோடு ஒரு அழைப்புக் குறியும் கிடைக்கும். இந்தியாவில் அது 'வி.யு.' என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்திகூட ஒரு ஹாம்தான். அவருடைய குறி வி.யு.2 ஆர்.ஜி. தம்பி தேர்வுக்குப் படித்த நாட்களில் சமையலறையில் என் எவர்சில்வர் டம்ளரில் மோர்ஸ் தட்டிப் பழகியது இன்னும் காதில் இருக்கிறது.

ஹெலிகாப்டர் ஆசை பின்னால் வந்தது. தாம்பரத்தில் வளர்ந்தவர்களுக்கு வானத்துச் சத்தம் புதிதல்ல. விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1954இலிருந்து இங்கேதான் இருக்கிறது. ஆனால் இவன் ஆசை ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் மேல். சேத்தக்கில் இரண்டு ஸ்ட்ரெச்சர் வைக்கலாம் என்பான். உலகத்தில் முதன்முதலாக ஹெலிகாப்டரில் அடிபட்டவர்களை மீட்டது 1944 ஏப்ரலில், நம் பக்கத்து பர்மாவில் என்பான். அந்தச் சிறிய சிகோர்ஸ்கி இயந்திரத்தில் ஒரு தடவைக்கு ஒரே ஒருவரைத்தான் ஏற்ற முடியும். விமானி நான்கு நடை போய் நான்கு பேரைக் கொண்டுவந்து சேர்த்தார். ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் 1970 நவம்பர் 1இல் 'கிறிஸ்டாஃப் 1' என்ற ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் பணி தொடங்கியது. இதெல்லாம் எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கும் மனப்பாடம்.

இந்த ஆசை எப்போது வந்தது என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். 2015 டிசம்பர் 2 அன்று வந்தது.

அந்த மழையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் 1ஆம் தேதி ஆரம்பித்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டியது. நாங்கள் அப்போது முடிச்சூரில் இருந்தோம். கீழே நானும் என் கணவரும், மாடியில் தம்பி குடும்பம். இரவோடு இரவாக அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. விடியும்போது கீழ்வீட்டு ஜன்னல் பாதிவரை தண்ணீர். மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை.

காலை ஏழு மணிக்கு உங்கள் சாருக்கு நெஞ்சு வலி வந்தது. முதலில் வாயு என்றார். பிறகு இடது கை வலிக்கிறது என்றார். சட்டையெல்லாம் வேர்வை.

தம்பி இன்வெர்ட்டர் பேட்டரியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். குடையை நான் பிடித்தேன், கருவிக்கு. அவன் நனைந்துகொண்டே அழைத்தான். தன் குறியைச் சொல்வான், அவசரம் என்பான், காது கொடுப்பான். மறுபடி சொல்வான். பதில் இல்லை.

அப்போது தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் போனது. தாழ்வாகத்தான் போனது. நான் என் புடவை முந்தானையை வீசினேன். அது திரும்பவில்லை. போகிற வழியில் எத்தனை மாடியில் எத்தனை பேர் கைவீசியிருப்பார்கள் என்று இன்று புரிகிறது. அன்று புரியவில்லை. தம்பியைப் பார்த்து, "கையில ரேடியோ வெச்சிருக்கியே, அதைக் கூப்பிடேன்டா! எதுக்குடா இதை வெச்சிருக்கே?" என்று கத்தினேன்.

அந்தப் பெரியவர் பந்தியில் கேட்ட கேள்வி என்னுடையது. பிற்பாடு துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமும் நான்தான் அதைச் சொல்லிச் சொல்லி அழுதேன். பத்து வருடமாக அது உறவுக்குள் சுற்றி வருகிறது.

அதற்குப் பதிலைத் தம்பி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவனுடைய புத்தகங்களைப் புரட்டி நானே தெரிந்துகொண்டேன். ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். விமானங்கள் பேசுவது 118 முதல் 137க்குள். அது மட்டுமல்ல, இவன் கருவி எஃப்.எம். முறையில் பேசும், விமானி ஏ.எம். முறையில் கேட்பார். ஒரே தெரு என்றாலும் வீடும் வேறு, பூட்டும் வேறு. அந்தக் கருவியால் அந்த ஹெலிகாப்டரைக் கூப்பிட முடியாது. இன்னொரு கருவி இருந்தாலும் கூப்பிடக் கூடாது. அத்தனை பேர் உயிரைக் காக்கப் பறந்துகொண்டிருக்கும் விமானிகளின் காதில் தரையிலிருந்து ஆளாளுக்குக் கத்தினால் என்ன ஆகும்?

அவனால் முடிந்தது, கேட்கும் தூரத்தில் இருக்கும் இன்னொரு ஹாமைத் தேடுவது. முக்கால் மணி நேரம் விடாமல் தேடினான். கடைசியில் குரோம்பேட்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் வீட்டில் தரைவழித் தொலைபேசி வேலை செய்தது. தம்பி அழவில்லை, பதறவில்லை. வயது, வலி தொடங்கிய நேரம், வீடு இருக்கும் இடம், எந்தப் பக்கம் நீரோட்டம் குறைவு, எவ்வளவு ஆழம் என்று டிக்டேஷன் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அந்த மனிதர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு அவர் எத்தனை இடத்துக்குப் போன் செய்தாரோ, பன்னிரண்டரை மணிக்கு ஒரு மீனவர் படகு எங்கள் வாசலுக்கு வந்தது. எங்கள் தெருப் பெயரை விசாரிக்காமல் நேராக வந்தது. படகு, பிறகு ஒரு லாரி, பிறகு ஆஸ்பத்திரி. அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு.

ஏழு மணி நேரம். இதயத்தில் ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு நிமிடம் தசை செத்துக்கொண்டே போகும். "முதல் ஒன்றிரண்டு மணிக்குள் வந்திருந்தால் இதயம் இவ்வளவு பலவீனப்பட்டிருக்காது" என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் உங்கள் சார் பிழைத்தார். நான்கு ஆண்டுகள் இருந்தார். பேத்தியின் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் வந்தார். மூன்று படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார், அவ்வளவுதான். 2019இல் தூக்கத்திலேயே போனார்.

அந்த நான்கு ஆண்டுகள் எனக்கு எங்கிருந்து வந்தன? தம்பியின் முக்கால் மணி நேரத்திலிருந்து வந்தன. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வராத ஹெலிகாப்டரைப் பற்றித்தான் சொன்னேன்.

அன்று முதல் அவன் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தான். என் கத்தலுக்குப் பதில் தேடினான் என்று நினைக்கிறேன். தேடும்போது அவனுக்கு ஆல்ஃபிரட் ட்ரேகர் கிடைத்தார். இந்தக் கதையை டீச்சர் என்ற முறையில் நான் சொல்லியே ஆக வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பல மைல் இருக்கும். அங்கே ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். 1928 மே 17 அன்று குளோன்கரி என்ற ஊரிலிருந்து முதல் விமானம் மருத்துவரோடு கிளம்பியது. விமானம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். ஆனால் தனி வீட்டில் நோயாளி கிடந்தால் அவர்களை எப்படிக் கூப்பிடுவது? கரண்ட் கிடையாது, தொலைபேசி கிடையாது. அடிலெய்டைச் சேர்ந்த வானொலி ஆர்வலரான ட்ரேகர், சைக்கிள் பெடல் மாதிரி காலால் மிதித்தால் மின்சாரம் வரும் வானொலியைச் செய்துகொடுத்தார். மோர்ஸ் தெரியாதவர்களுக்காகப் பிறகு தட்டச்சு போன்ற விசைப்பலகையும் செய்தார். அதற்கப்புறம்தான் அந்த விமானம் எல்லோருக்கும் சொந்தமானது. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலி வழிப் பள்ளிக்கூடமே தொடங்கினார்கள். டாக்டரைக் கூப்பிட்ட வானொலியிலேயே பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள்!

"அக்கா, பறக்கிறது பாதி வேலைதான். கூப்பிடறது மீதிப் பாதி" என்பான் தம்பி. அவன் ஆசையின் சாரம் இவ்வளவுதான்.

அவன் கண்மூடித்தனமாகப் பேசுகிறவன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் ஆபத்தில்லாதது அல்ல. ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2024 அக்டோபர் 29 அன்று 'சஞ்சீவனி' என்ற சேவை தொடங்கியபோது எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தான். 2025 மே 17 அன்று நோயாளியை அழைக்கக் கேதார்நாத் போன ஹெலிகாப்டர் தரையிறங்கும்போது வால் முறிந்து விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் தப்பினார்கள். அன்று முழுக்க அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான ஒரு நிறுவனம் மின்சாரத்தில் செங்குத்தாக எழும் விமானம் செய்து வருகிறது. 788 ஏர் ஆம்புலன்ஸ்களுக்கு 2025 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். "வரட்டும், ஆனால் தாம்பரத்துல இருந்து கிண்டி போக 108 போதும், நாம வழி விட்டா" என்பான். உண்மைதானே? 2008 செப்டம்பரில் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு ஒரு இதயத்தை 11 நிமிடத்தில் சாலை வழியாகவே கொண்டுபோனது இதே சென்னைதான். ஹெலிகாப்டர் வேண்டியது ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும், வெள்ளம் சூழ்ந்த தெருவுக்கும் என்பது அவன் கட்சி.

அவன் சொல்லிக் கேட்டதில் உங்களுக்குப் பயன்படுவதை மட்டும் தருகிறேன். ஹெலிகாப்டர் இறங்க மின்கம்பி, மரம், விளம்பரப் பலகை இல்லாத திறந்த சமதரை வேண்டும். காற்றில் பறக்கக்கூடிய தகரம், துணி, பிளாஸ்டிக் ஷீட்டை முன்பே அகற்றுங்கள். இறங்கிய பிறகு உள்ளிருப்பவர் கைகாட்டாமல் நெருங்காதீர்கள். நெருங்கும்போது விமானி கண்ணில் படும்படி முன்பக்கமாக, குனிந்து போங்கள். பின்பக்கம் போகவே கூடாது. வாலில் சுழலும் விசிறி கண்ணுக்கே தெரியாது.

அதைவிட முக்கியமானது கூப்பிடும் முறை. பதறாமல், முதலில் இடம், பிறகு என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று, எத்தனை பேர். எதிராளி திருப்பிச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.

ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு தாளில் உங்கள் வீட்டு முகவரி, அருகில் உள்ள அடையாளம், போன் வரைபடம் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை எண்கள், பக்கத்தில் உள்ள திறந்த மைதானம், வீட்டில் யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எல்லாவற்றையும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நான் திருத்த வருவேன்!

உறவினர்களுக்கு: அந்த ஹெலிகாப்டர் கேள்வியை இனி யாரும் என் தம்பியிடம் கேட்க வேண்டாம். அதை முதலில் கேட்டவள் நான். நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தம்பி, உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாடிக்கும் கீழுக்கும் பன்னிரண்டு படிதான், பத்து வருடமாக ஏற முடியவில்லை. மன்னித்துவிடுடா. இன்று சாயங்காலம் பாயசம் வைக்கிறேன், இறங்கி வா.

உங்கள் ஹாம் பாஷையில் விடைபெறும்போது ஒரு எண் சொல்வீர்களே, அன்பு வணக்கம் என்று அர்த்தம். எல்லோருக்கும் அதையே சொல்லி முடிக்கிறேன்.

73.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்