புட்டியின் விலை

கத்தரிக்காயைக் காம்பு பார்த்து வாங்குகிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்க்காமல் எந்த வீட்டு அம்மாளும் பணப்பையைத் திறக்கமாட்டாள். ஆனால் மூடி முத்திரையிட்ட ஒரு புட்டியை என்ன செய்து பார்ப்பது? தட்டினால் எல்லாப் புட்டியும் ஒரே மாதிரிதான் ஓசை கொடுக்கிறது.

எனக்கு மதுப் பழக்கம் கிடையாது. என் கதைகளில் குடிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் செலவை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட நான் 2025 கோடையில், லண்டனில் ஒரு பெரிய கடையின் ஒயின் அலமாரிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நிற்க நேர்ந்தது.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் அங்கே இருக்கிறான். கம்பத்துக்காரன், அவனுக்கும் அந்தப் பழக்கம் இல்லை. முந்திய குளிர்காலத்தில் அவன் மனைவி ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் படுக்கையில் இருந்தாள். உறவு என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்தான் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்து, பாடம் சொல்லிக் கொடுத்து, நோயாளிக்குக் கஞ்சி மாதிரி ஏதோ ஒன்றும் காய்ச்சிக் கொடுத்தார். அந்த அம்மாள் இப்போது எங்களை ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். நம் ஊரில் பூவும் பழமும் கொண்டுபோவதுபோல அந்த ஊரில் ஒரு புட்டி ஒயின் கொண்டுபோவது வழக்கம்.

நண்பன் நேரே ஷாம்பேன் இருந்த தட்டுக்குப் போய், பெயர் பெற்ற புட்டி ஒன்றைக் கையில் எடுத்துவிட்டான். விலை 40 பவுன்.

"என்னப்பா, இவ்வளவா?" என்றேன்.

"அந்தம்மா எங்களுக்குச் செஞ்சதுக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படிப்பா?"

அவன் சம்பளம் எனக்குத் தெரியும். வீட்டு வாடகையும் தெரியும். ஆனால் நன்றிக்கடன் பட்டவனிடம் கணக்குப் பேசுவது அவ்வளவு சுலபமல்ல, பேசுகிறவன் கஞ்சனாகிவிடுவான்.

நல்ல வேளையாக, 'புதிய வரவு' என்று எழுதியிருந்த பக்கத்து அலமாரியில் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நண்பன் விஷயத்தைச் சொன்னான்: தங்களுக்குக் குடிக்கத் தெரியாது, வாங்கவும் தெரியாது, ஆனால் கொடுக்கிற பொருள் கௌரவமாக இருக்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை. ஒரு பழைய ரசீதின் பின்புறத்தில் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

அந்தக் கணக்கை இங்கே எழுதிவிடுகிறேன். பிரிட்டனில் 2025 பிப்ரவரி முதல் ஒயினுக்குரிய தீர்வை அதிலுள்ள சாராயச் சத்தைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. 12.5 சதவீதச் சத்துள்ள முக்கால் லிட்டர் புட்டிக்கு அப்போது சுமார் 2 பவுன் 77 பென்ஸ். உள்ளே இருப்பது அமிர்தமானாலும் சரி, கழுநீரானாலும் சரி, தீர்வை ஒன்றுதான். அதற்கு மேல் 20 சதவீத விற்பனை வரி. 6 பவுனுக்கு விற்கும் புட்டியில் இந்த இரண்டும் சேர்ந்து 3.77 போய்விடுகிறது. மிஞ்சுவது 2.23. அதற்குள்ளேதான் கண்ணாடி, தக்கை, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம், கடைசியாகக் கொஞ்சம் திராட்சை ரசம்! அதே 12 பவுன் புட்டியில் வரிகள் 4.77, மிச்சம் 7.23. விலை இரண்டு மடங்கு. வரி போக நிற்பது மூன்று மடங்குக்கு மேல்.

மலிவானதை வாங்கினால் சர்க்காருக்குத்தான் விருந்து வைத்ததாகும். இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அப்படியானால் 40 பவுன் புட்டி இன்னும் உத்தமம் அல்லவா என்று கேட்டேன். ஓரளவுக்கு மேலே அந்தக் கணக்கு செல்லாது என்றாள் அவள். அதற்கப்புறம் நிலத்தின் விலைக்கும், விளம்பரத்துக்கும், பெயருக்கும் கொடுக்கிறோம். ஷாம்பேன் என்ற பெயரைப் பிரான்சில் அந்த ஒரு வட்டாரத்துக்காரர்கள்தான் போட்டுக்கொள்ளலாம், சட்டம் அப்படி.

ஆனால் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நுரைக்க விட்டு எடுக்கும் அந்தச் செய்முறை அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அல்சாஸ், லுவார், லிமூ என்று அதே நாட்டின் வேறு வட்டாரங்களில் அப்படியே செய்து 'க்ரெமான்' என்று பெயர் வைக்கிறார்கள். ஷாம்பேன் குறைந்தது பதினைந்து மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். க்ரெமானுக்கு ஈஸ்ட் வண்டலோடு ஒன்பது மாதம் போதும். வித்தியாசம் இல்லாமல் இல்லை. ஆனால் விலையில் இருக்கிற வித்தியாசம் அளவுக்கு இல்லை என்பது அவள் கட்சி.

இதில் ஒரு தந்திரம் எனக்குப் புலப்பட்டது. புகழ் பெற்ற ஊருக்கு அண்டை ஊரைத் தேட வேண்டும். லுவார் நதி ஓரத்தில் சான்சேர் என்ற ஊருக்குப் பெரும் பேர். அதே நதியின் கீழ்ப்பக்கத்தில் தூரேன் என்ற வட்டாரத்திலும் அதே சோவினியோன் ப்ளான் திராட்சைதான் விளைகிறது. விலையோ இறங்கி நிற்கிறது. போர்ச்சுகலில் டூரோ பள்ளத்தாக்கு போர்ட் ஒயினுக்குப் பேர் போனது. அதே மலைச்சரிவுப் பழங்களில் எடுக்கும் சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு அவ்வளவு தெரிந்த பேர் இல்லை. பெரிய கடைகள் தங்கள் சொந்தப் பெயர் ஒட்டி விற்கும் புட்டிகளையும் அவள் அலட்சியம் செய்யவில்லை. நல்ல ஆலைக்காரர்களே பலவற்றைத் தயாரித்துக் கொடுக்கிறார்களாம். சீட்டின் பின்புறம் பொடி எழுத்தில் அவர்கள் பெயர் இருக்கும். அரண்மனைப் படத்துக்கும் தங்கப் பூச்சுக்கும் அவளிடம் மரியாதை கிடையாது. 'பாதி விலை' என்ற மஞ்சள் அட்டையைக் காட்டி நான் கேட்டபோது, முழு விலைக்கு அதை யார் வாங்கினார்கள் என்று பதிலுக்குக் கேட்டாள். நம் ஆடித் தள்ளுபடியை அவள் பார்த்திருக்க நியாயமில்லை!

நண்பன் லிமூ க்ரெமான் ஒன்றை எடுத்துக்கொண்டான். 12 பவுன். ஆனாலும் முகம் தெளியவில்லை. 40 பவுன் புட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே காசு கொடுத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாக்கிப் பணத்தில் பூச்செடித் தொட்டி ஒன்று வாங்கினான். பிறகு வீட்டுக்கு வந்து, தானே உட்கார்ந்து எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி போட்டான். அன்று இரவு பதினொரு மணி வரை அந்த வீட்டில் பெருங்காய வாசனை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் புட்டியின் சீட்டை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "லிமூவா? நல்லதாகத் தேடி எடுத்திருக்கிறீர்களே!" என்றார். உபசார வார்த்தையாகவும் இருக்கலாம். ஆனால் சாப்பாட்டுக்கு இடையில் இரண்டாம் முறையும் தாமே ஊற்றிக்கொண்டார். எங்களுக்கு ஆரஞ்சு ரசம்.

பேச்சு திராட்சையைப் பற்றித் திரும்பியது. தோட்டத்துக் கண்ணாடி அறையில் தாம் வளர்க்கும் கொடி ஒன்றை அம்மாள் காட்டினார். கறுப்பு மஸ்கட் ஜாதி. ஆங்கிலத் தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டாக்கியது என்றார். 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று அவர் பெயர் சொன்னதும் நண்பன் துள்ளிவிட்டான். கம்பத்துப் பன்னீர் திராட்சை அதேதான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். அவன் பாட்டனார் பந்தல் போட்டு வளர்த்த பழம்.

"எங்கள் ஊரில் வருஷம் முழுவதும் அறுப்போம்" என்றான்.

அம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. கொடி குளிர்காலத்தில் தூங்கித்தான் ஆகவேண்டும் என்றார். எங்கள் ஊரில் குளிர்காலமே கிடையாது, கத்தரித்துவிட்டால் மறுபடி துளிர்க்கும் என்றான் அவன். ஆசிரியையாக இருந்தவர் அல்லவா, காகிதமும் பென்சிலும் கொண்டுவந்து, எந்த மாதம் கத்தரிப்பது, எந்த மாதம் காய்ப்பது என்று அவனை எழுதிக் காட்டச் சொன்னார். நாங்கள் புறப்படும்போது மணி ஐந்து. புட்டியில் பாதி இருந்தது. ஊறுகாய் ஜாடியின் மூடி திறந்திருந்தது.