எத்தனை எத்தனை ராமசாமி!

"மிஸ்டர் ராமசாமி, மியூட்ல இருக்கீங்க."

கார்டிஃப்ல இருக்கற கிளையண்ட் இப்படிச் சொன்னப்ப நான் ரெண்டு செகண்டு சும்மாதான் உக்காந்திருந்தேன். ஏன்னா ராமசாமி நான் இல்லீங்க, எங்கப்பா. அந்நேரத்துக்கு அவரு நாமக்கல்ல, பட்டறையில ஏதாவது ஒரு லாரிக்கு பாடி கட்டறவங்க பக்கத்துல நின்னு "அந்த போல்ட்ட இன்னொரு முறுக்கு முறுக்குப்பா"ன்னு சொல்லிட்டு இருந்திருப்பாரு. அவரை வாழ்க்கையில யாரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை. மூத்தவங்களுக்கு ராமு, பட்டறையில மேஸ்திரி, அம்மாவுக்கு "ஏனுங்க". அவருக்குக் கிடைக்காத மிஸ்டரை ஏழாயிரம் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நான் வாங்கிட்டு இருக்கேன்.

எல்லாம் பாஸ்போர்ட் பண்ண வேலை. நமக்கேது சர்நேம்? அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். ஆனா ஃபாரத்துல கட்டம் இருக்கே. அதைக் காலியா விட்டவங்க கதை தெரியும்ல? அமெரிக்கா விசாவுல இருக்கற ஒரே பேரைத் தூக்கி கடைசிப் பேரா போட்டுட்டு, முதல் பேர் இடத்துல 'எஃப்.என்.யூ'ன்னு அடிச்சிடுவாங்க. முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம். பெத்தவங்க ஆசையா வெச்ச பேரு 'தெரியலை' ஆயிடும். 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு நாடுகள்ல ஒத்தைப் பேரு பாஸ்போர்ட்டோட சுற்றுலா விசாவுல வர்றவங்களை விடமாட்டோம்னே சொல்லிட்டாங்க. நான் உஷாரா அப்பா பேரைப் போட்டேன். அதனால வெள்ளைக்காரங்களுக்கு நான் ராமசாமி.

அந்த கார்டிஃப் டீம்ல மூணு ஜோன்ஸ் இருக்காங்க. மூணு பேருக்கும் சொந்தம் கிந்தம் ஒண்ணும் கிடையாது. ஆணி கம்மியா இருந்த ஒரு மத்தியானம் இதைப் பத்திப் படிச்சுப் பாத்தேன். அசந்துட்டேன். வேல்ஸ்காரங்களும் ஒரு காலத்துல நம்மள மாதிரிதான். குடும்பப் பேரே கிடையாது. இன்னார் மகன் இன்னார், அவ்வளவுதான். மகன்ங்கறதுக்கு அவங்க மொழியில 'ஆப்'. ரீஸ் மகன் 'ஆப் ரீஸ்', அதுவே ஒட்டிக்கிட்டு 'ப்ரைஸ்' ஆச்சு. 'ஆப் ஹவெல்'தான் 'பவல்'. பதினாறாம் நூற்றாண்டுல எட்டாம் ஹென்றி வேல்ஸை இங்கிலாந்தோட சட்டப்படி சேத்ததுக்கப்புறம் கோர்ட்டு, பத்திரம்னு இங்கிலீஷ்காரன் நிர்வாகம் வந்துடுச்சு. அவனுக்கு நிலையா ஒரு பேரு வேணும். கொஞ்சம் கொஞ்சமா அப்பா பேரே குடும்பப் பேரா உறைஞ்சு போச்சு. ஜான் மகன் ஜோன்ஸ். ஜான்னு பேரு வெச்ச அப்பனுங்க எக்கச்சக்கம், அதனால ஊரெல்லாம் ஜோன்ஸ். அப்புறம் ஆளை அடையாளம் தெரியணுமே? 'பால்கார ஜோன்ஸ்', 'ரொட்டிக்கார ஜோன்ஸ்'னு கூப்பிட ஆரம்பிச்சிருக்காங்க. நம்ம ஊரு 'டீக்கடை முருகேசன்' மாதிரியே!

சரி, நம்ம ஊரு ஜோன்ஸ் யாருன்னு யோசிச்சேன். வேற யாரு, ராமசாமிதான். நாமக்கல்ல ஆஞ்சநேயரு பதினெட்டு அடிக்கு நின்னுட்டு இருக்கறதாலயோ என்னவோ, எங்க தெருவுலயே நாலு ராமசாமி. போஸ்ட்மேன் பாடு திண்டாட்டம்.

அப்படியே சரித்திரத்துல எத்தனை ராமசாமின்னு தேட ஆரம்பிச்சேன். ஒரு இடத்துல அப்படியே நின்னுட்டேன். 1947. அந்த வருஷம் மார்ச் 23ஆம் தேதி சென்னை மாகாணத்துக்கு பிரதமரா (அப்பல்லாம் முதலமைச்சரை அப்படித்தான் சொல்வாங்க) வந்தவரு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனம் பக்கத்து விவசாயி. அதே நேரம் மேல மைசூர் சமஸ்தானத்துல திவான் யாரு? ஆற்காடு ராமசாமி முதலியார். கீழ திருவிதாங்கூர்ல திவான்? சர் சி.பி. ராமசாமி ஐயர். அதாவது கன்னியாகுமரியில ஏறி மைசூர் தாண்டற வரைக்கும், கொச்சி, புதுக்கோட்டைன்னு நடுவுல இருந்த சமஸ்தானங்களைக் கழிச்சுட்டுப் பாத்தா, ஆட்சி பூராவும் ராமசாமிங்க கையில! இது பத்தாதுன்னு, இந்த ஆட்சி எதுவுமே வேண்டாம், ஆகஸ்ட் 15 துக்க நாள்னு சொன்னவரு ஈரோட்டு ராமசாமி. இதை எந்தப் பாடப் புத்தகத்துலயும் யாரும் சொல்லித் தரலையேங்க எனக்கு.

இதுல ஈரோட்டுக்காரரும் சி.பி.யும் ஒரே வருஷத்துப் பிறப்பு. 1879 செப்டம்பர்ல அவரு, நவம்பர்ல இவரு. ரெண்டே மாசம். ஒரே பேரு. ஒருத்தர் வைக்கம் தெருவுல எல்லாரும் நடக்கணும்னு போராடி 1924ல திருவிதாங்கூர் ஜெயிலுக்கு ரெண்டு தடவை போனாரு. பன்னெண்டு வருஷம் கழிச்சு அதே திருவிதாங்கூருக்கு இன்னொருத்தர் திவானா வந்தாரு. 1936 நவம்பர்ல கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது இவரு காலத்துலதான். அதோட நிக்கலை. 1947ல திருவிதாங்கூர் தனி நாடுன்னு அறிவிச்சாரு. ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்துல ஒரு நிகழ்ச்சியில வெச்சு வெட்டிட்டாங்க. உயிர் பிழைச்சாரு, சமஸ்தானம் இந்தியாவோட சேந்துச்சு, பதவிய விட்டுட்டுப் போயிட்டாரு.

ஆற்காட்டாரு கதை தனி. அவரும் லட்சுமணசாமியும் இரட்டைப் பிள்ளைங்க. அவங்க வீட்டுல ராமசாமி, லட்சுமணசாமின்னு ஜோடியா பேரு வெச்சுட்டாங்க. தம்பி டாக்டர், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 வருஷம் துணைவேந்தர். அண்ணன் 1945ல சான் பிரான்சிஸ்கோ போயி ஐ.நா. சாசனத்துல இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவரு. மறு வருஷம் ஐ.நா.வோட பொருளாதார சமூகக் கவுன்சிலுக்கு முதல் தலைவர். அப்பாகிட்ட போன்ல இதைச் சொன்னேன். "ஐ.நா. சபையில ஒரு ராமசாமியா? நெசமாவா கண்ணு?"ன்னு கேட்டாரு. அப்புறம், "எந்த ஊருன்ன? ஆற்காடா? அந்தப் பக்கம் லோடு போயிருக்குது"ன்னாரு. அவருக்கு ஊருன்னா லோடு போற இடம்.

இப்ப ஒரு விஷயம் கவனிச்சீங்களா? இவங்க யாரையுமே ஜனங்க ராமசாமின்னு கூப்பிடலை. ஒருத்தர் பெரியார், 1938ல சென்னையில நடந்த பெண்கள் மாநாட்டுல கொடுத்த பேரு. ஒருத்தர் ஓமந்தூரார், சென்னையில இருக்கற அரசினர் தோட்டத்துக்கும் அந்தப் பேருதான். ஒருத்தர் சி.பி. எழுத்தாளர்கள்ல 'மணிக்கொடி' வ. ராமசாமி, வ.ரா. நாகர்கோவில் சுந்தர ராமசாமி, சு.ரா. 'துக்ளக்' ராமசாமி, சோ. பேரு அவ்வளவு சாதாரணமா இருக்கறதால, ஆளு பெருசானதும் பேரு கழண்டு விழுந்துடுது. ஊரோ, எழுத்தோ, பட்டமோதான் மிச்சம். எங்க ஊரு கவிஞருக்கும் இதே கதிதான். மோகனூர்ல பொறந்த ராமலிங்கம் பிள்ளைன்னா யாருன்னு கேப்பாங்க, நாமக்கல் கவிஞர்னாதான் தெரியும். கோட்டையில இருக்கற பத்து மாடிக் கட்டடத்துக்கே 'நாமக்கல் கவிஞர் மாளிகை'ன்னுதான் பேரு.

எனக்குத் தெரிஞ்சு பேரைக் கழட்டாம கடைசி வரைக்கும் முழுசா வெச்சிருந்தது நடிகர் வி.கே. ராமசாமிதான். மனுசன் 1947ல (பாருங்க, மறுபடியும் அதே வருஷம்) 'நாம் இருவர்' படத்துல இருபது இருபத்தொரு வயசுலயே கெழவன் வேஷம் போட்டவரு. அப்புறம் வாழ்நாள் பூரா அப்பா வேஷம்தான். ராமசாமின்னாலே எல்லாருக்கும் ஒரு அப்பா மூஞ்சி ஞாபகம் வர்றதுக்கு அவரும் ஒரு காரணம்னு நினைக்கறேன்.

கடல் தாண்டிட்டா கதை உல்டா. அங்க முன்னாடி இருக்கறதெல்லாம் கழண்டு போயி ராமசாமி மட்டும் நிக்குது. சென்னையில இருந்து போன 'ட்ரூரோ' கப்பல்தான் தென்னாப்பிரிக்காவுக்கு முதல்ல கரும்புத் தோட்டக் கூலிகளைக் கொண்டு போய் 1860 நவம்பர்ல டர்பன்ல இறக்குச்சு. குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதிக்கிட்டான். மகன், பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் அதே பேரு ராம்சாமின்னு சுருங்கி நின்னுடுச்சு. வேல்ஸ்ல ஜானுக்கு நடந்தது நம்ம ராமசாமிக்கு அங்க நடந்திருக்கு. அந்த டர்பன்ல 1938ல பொறந்தவரு சாம் ராம்சாமி. நிறவெறி இருக்கற வரைக்கும் தென்னாப்பிரிக்காவை விளையாட்டுல சேக்கக் கூடாதுன்னு லண்டன்ல இருந்து வருஷக்கணக்கா போராடினவரு. 1992ல பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு அந்த நாடு திரும்பி வந்தப்ப அவங்க ஒலிம்பிக் கமிட்டித் தலைவரும் அவரே. கயானாவுல லெஸ்லி ராம்சாமி பத்து வருஷம் சுகாதார அமைச்சர். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியில நிக்கப் பாத்த விவேக் ராமசாமிக்கும் அது அப்பா பேருதான். என் கேஸ் மாதிரியே :-)

ஆனா இந்தப் பேரு பட்ட பாடும் கொஞ்சநஞ்சமில்லை. 1886ல வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில ராமசாமின்னு ஒரு சொல்லே இருக்கு. தென்னிந்தியாக்காரன் எவனா இருந்தாலும் வெள்ளைக்காரன் கூப்பிடற பொதுப்பேராம். இன்னொரு அர்த்தம், சுருட்டுப் பத்த வைக்கறதுக்காக ஒரு குழாய்க்குள்ள செருகி வெச்ச பஞ்சுத்திரியாம்! தென்னாப்பிரிக்காவுல இன்னும் மோசம். எல்லாப் பேரும் சாமி சாமின்னு முடியறதைப் பாத்துட்டு இந்தியன்னாலே 'சாமி'ன்னு எளக்காரமா கூப்பிட்டிருக்காங்க. காந்தி சுயசரிதையில இதை எழுதியிருக்காரு. சாமின்னா எஜமான்னு அர்த்தம், நான் உனக்கு எஜமான் இல்லையேப்பான்னு சில பேரு திருப்பிக் கொடுப்பாங்களாம். சில வெள்ளைக்காரங்க நெளிவாங்களாம், சில பேரு அடிக்கவே வருவாங்களாம்.

இதைப் படிச்சப்ப எனக்கு சுருக்குன்னு ஆச்சு. ஏன்னா எங்க ஊர்ல சாமின்னா கொஞ்சறது. எங்க ஆயா வாயில எங்கப்பா பேரு இன்னைக்கு வரைக்கும் வந்ததே இல்லை. எங்கப்பாவுக்கு அவரோட தாத்தா பேரு. பேரன்னாலே தாத்தா பேரைத் தாங்கறவன்தானே, பெயரன். ஆயாவுக்கு அது மாமனார் பேராப் போச்சு. மாமனார் பேரை மருமக சொல்லலாமா? பெத்த மகனைப் பேரு சொல்லிக் கூப்பிட முடியாம அறுபது வருஷமா "ஏஞ்சாமி"தான். ஒரு தடவை வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவரு மூத்த மகன் பேரு கேட்டிருக்காரு. "அதானுங்க, லட்சுமணனுக்கு அண்ணன்"னு ஆயா சொல்ல, அவரும் 'ராமன்'னு எழுதிட்டுப் போயிட்டாரு. அதைத் திருத்த எங்கப்பா எத்தனை நடை நடந்தாரு தெரியுமா?

இத்தனை ஆராய்ச்சி ஏன்னு கேக்கறீங்களா. வீட்டுல பையன் பொறந்து ஏழு மாசம் ஆச்சு. முறைப்படி இப்ப ராமசாமியோட டர்ன். தங்கமணி கேக்கறாங்க, "ஏங்க, சினிமாவுல, ஜோக்குல எல்லாம் ராமசாமின்னா யாரு? அவன் கிளாஸ்ல பசங்க சும்மா விடுவாங்களா?" தப்பு சொல்ல முடியலை. பஞ்சுத்திரின்னு எழுதின வெள்ளைக்காரனும், ராமசாமி, குப்புசாமின்னு ஜோக் எழுதின நம்மாளும் ஒரே வேலையைத்தான் பண்ணியிருக்காங்க. சரி, வைக்க வேண்டாம்னா? பையனுக்குக் கடைசிப் பேரா என் பேரு வந்துடும். அப்பா பேரு என்னோட பாஸ்போர்ட்டோட நின்னுடும். ரெண்டு பேரையும் சேத்து நீளமா வெச்சுடலாமான்னா, எங்க கம்பெனி டேட்டாபேஸ்ல பேரு கட்டம் எவ்வளவு நீளம்னு எனக்குத்தான தெரியும்.

பிறப்புச் சான்றிதழ் பேரு இல்லாமலே வாங்கியாச்சு. பதிஞ்ச தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள பேரைச் சேத்தா கட்டணம் கிடையாது. அப்பா இதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. கேக்காததுதான் எனக்குக் குடைச்சலா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நானே போன்ல கேட்டேன், "அப்பா, உங்க பேரை வைக்கட்டுங்களா?"

கொஞ்ச நேரம் பட்டறைச் சத்தம்தான் கேட்டுச்சு.

"என்ன பேரு வேணாலும் வைங்கப்பா. ஆயா வாயில நுழையற மாதிரி வைங்க. எனக்குத்தான் அவ பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கேக்கறதுக்குக் குடுத்து வைக்கலை."

இன்னும் அஞ்சு மாசம் இருக்கு.