ஐந்து நிமிடம்

நம் மன்றத்தின் ஆண்டு விருந்தில் சொற்பொழிவாற்ற வருகின்றவர்களுக்குப் பசியே எடுக்காது போலும். வடை ஆறிக்கொண்டிருந்தது, முதற் பேச்சாளரோ சங்க காலத்தை விட்டு வெளியே வருவதாகக் காணோம்.

அடுத்து எழுந்தவர் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனைப் பற்றி அழகாகத் தொடங்கினார். 1928இல் கல்கத்தாவில் இராமனோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர், அவ்வாண்டின் இறுதியிலேயே டாக்காவுக்குச் சென்று படிகங்களின் காந்தப் பண்பை அளக்கத் தொடங்கினார். 1947இல் இதே தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். எல்லாம் நல்ல தமிழில் வந்தது. ‘கிரிஸ்டல்’ என்ற சொல் வந்ததும் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவியது; பிறகு திரும்பவேயில்லை.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அங்கே அம்மா இருந்தாள்.

உணவுக்கு முன் ஒரு மாணவர் தம் ஆராய்ச்சியைத் தமிழில் ஐந்து நிமிடம் சொல்வது என்று ஏற்பாடு. அம்முறை எனக்கு. அதற்காகவே அம்மாவை அழைத்திருந்தேன். “அங்கே என்னடா பண்றே?” என்று அவள் கேட்கும்போதெல்லாம், “படிகம் வளர்க்கிறேன்” என்பேன். தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாள்.

2025 ஜூனில் ஜங்புரா மதராசி முகாம் இடிக்கப்பட்டபின் நாங்கள் நரேலாவில் இருக்கிறோம். அம்மா வேலை செய்யும் வீடுகள் இன்னும் ஜங்புராவில்தான். சமய்பூர் பாத்லி வரை மெட்ரோ, அப்புறம் பேருந்து. விடியுமுன் மறுபடியும் புறப்பட வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது செயலாளர் ஒரு துண்டுச் சீட்டு நீட்டினார்: ‘இரண்டு நிமிடம் போதும்.’

ஒரு வாரம் பாடுபட்டுச் சேர்த்த சொற்கள் சட்டைப்பையில் இருந்தன: அதிதெவிட்டிய கரைசல், விளிம்பு விளைவு. எடுக்கவில்லை. “கற்கண்டு எப்படி உண்டாகிறது?” என்று தொடங்கினேன். பாகில் நூலைத் தொங்கவிட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருந்தால் சர்க்கரை ஒழுங்காக அடுக்கிக்கொள்கிறது. நான் சர்க்கரைக்குப் பதில் வேறொரு பொருளைக் கரைத்து, மூடியில் சிறு துளையிட்டு, கரைத்த திரவம் மெல்ல ஆவியாகும்படி விடுகிறேன். அவசரப்பட்டால் தூள்தான் மிஞ்சும். பொறுத்திருந்தால் ஒரு படிகம். அரிசியில் பாதி இருந்தாலும் போதும். அதன்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் புள்ளிகள் விழும். அப்புள்ளிகள் விழுந்த இடத்தையும் பிரகாசத்தையும் கொண்டு, உள்ளே எந்த அணு எங்கே நிற்கிறது என்று கணக்கிடுகிறோம்.

யாரோ சிரித்தார்கள். தமிழறிஞர் ஒருவர், “கலைச்சொற்களைக் கையாண்டிருக்கலாம், தம்பி” என்றார். அதுவும் நியாயந்தான், கற்கண்டை வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுத முடியாது.

சாப்பிட நேரமில்லை. சமையற்காரர் சாம்பார் சாதமும் வடையும் கட்டிக் கொடுத்தார்.

பேருந்தில் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “ஆடிக்கிட்டே இருக்கிற எடத்துல அது எப்படிடா வளரும்? உங்க காலேஜு பக்கம் லாரி போகுதே?”

“மூலையிலே கல் மேசை இருக்கும்மா. அதுமேலதான் வச்சிருக்கேன்.”

“சரி. மூடியை அடிக்கடி தொறந்து பாக்காதே.”

நான் பதில் சொல்லவில்லை. முந்தின நாள்தான் திறந்து பார்த்திருந்தேன்.