இது ராசா இல்லையே அக்கா

2021 அக்டோபரில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது நானும் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியம். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணைதான் வகுப்பு; சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால், இரண்டாம் வகுப்பு என்று பதிவான பிள்ளைகள் பலர் வகுப்பறைக்குள் கால் வைத்ததே இல்லை.

அ, ஆ என்று கரும்பலகையில் ஆரம்பித்தேன். மூன்றாம் நாளே பாதிப் பேரைக் காணோம். யோசித்துப் பார்த்தால், பென்சில் பிடித்துப் பழகாத கைக்கு 'அ' போலச் சுழித்துச் சுழித்து வரும் எழுத்தை முதலில் கொடுப்பது கொஞ்சம் அநியாயம்தான்.

மறுநாள் தென்னை விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி ஒடித்துக் கொடுத்தேன். இரண்டு குச்சி வைத்தால் 'ட'. மூன்று வைத்தால் 'ப'. சேர்த்து வைத்து 'பட பட' என்று வாசித்துக் காட்டினேன். "கோழி றெக்கய அடிக்குது" என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்தவன் விளையாட்டாக எழுத்துகளை இடம் மாற்றி வைத்துவிட்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "டப... டப... அக்கா, தகரத்துல மழ!" அவன் வாயைத் திறந்து வாசித்த முதல் சொல் அதுதான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

குச்சியிலிருந்து மண்ணுக்குப் போனோம். விளாச்சேரி எங்களுக்குப் பக்கத்து ஊர். கொலு பொம்மைகளுக்குப் பேர்போனது. அந்தப் பொம்மைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் கண்மாய்க் களிமண்ணைக் கொடுத்தால், என்ன செய்வதென்று கேட்க மாட்டார்கள். கொஞ்சம் மணல் கலந்து பிசையச் சொன்னால் போதும், காயும்போது அவ்வளவாக வெடிக்காது.

கதைக்கும் அலைய வேண்டியதில்லை. மதுரைப் பிள்ளைக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதை தெரியாமல் இருக்காது: வைகைக்கரை உடைப்பை அடைக்க, கிழவி வந்தியிடம் பிட்டைக் கூலியாக வாங்கித் தின்று அவளுக்காக மண் சுமக்க வந்த சிவன், வேலையை ஏமாற்றியதற்காகப் பாண்டிய ராசாவிடம் பிரம்படி வாங்கிய கதை. ஆவணி மூலத் திருவிழாவில் அதைப் பார்க்க ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்குத் தோளில் உட்கார்ந்து போய்வந்த பிள்ளைகள். மணலைக் குவித்து வைகைக்கரை கட்டினோம். ஒரு செம்பு தண்ணீரில் உடைப்பு. மண் கிழவி வந்தி, மண் சாமி, மண் ராசா, கையில் அதே ஈர்க்குச்சிப் பிரம்பு. பொம்மையை நகர்த்துகிற பிள்ளைதான் பேச வேண்டும் என்பது மட்டும் விதி. திண்ணையில் வாயே திறக்காத பெண் ஒருத்தி ராசாவைக் கையில் எடுத்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி அதட்டினாள்.

அவள் சொன்னதை அட்டையில் எழுதி அவளையே வாசிக்க வைக்கலாம் என்று தோன்றியது. இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். அவள் சொன்னது: "ராசா சாமிய அடிச்சுப்புட்டு அவரும் அழுதாரு." நான் எழுதியது: "பாண்டிய மன்னன் இறைவனை அடித்துவிட்டுத் தானும் அழுதான்." நல்ல தமிழில் இருக்கட்டுமே என்ற நினைப்பு.

மறுநாள் அட்டையைக் கொடுத்தேன். முதல் சொல்லில் விரலை வைத்து "ராசா" என்றவள் நின்றுவிட்டாள். விரலை எடுக்கவில்லை. "இது 'ப'வாட்டம் இருக்கு. இது ராசா இல்லையே அக்கா."

எனக்குச் சுருக்கென்றது. அவள் வாசிக்கத் தொடங்கியிருந்தாள். அவள் வாக்கியத்தைத்தான் நான் மாற்றி வைத்திருந்தேன்.

அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் அவள் சொன்னபடியே எழுதினேன். விரல் ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்தது. 'அடிச்சுப்புட்டு' வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது: "இதுக்குள்ளயும் புட்டு இருக்கு!" இலக்கணம் படித்த எனக்கு அது அதுவரை கண்ணில் படவில்லை.

பேச்சுத் தமிழை எழுதிப் பழக்கினால் புத்தகத் தமிழ் வராது என்று சில பெரியவர்கள் கடிந்துகொண்டார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது, அதையும் கையாலேயே காட்டலாம். பழைய காலண்டர் அட்டையில் 'அடி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்டி, பின்னால் ஒரு காகிதப் பட்டையைச் செருகினோம். மேலே இழுத்தால் 'ச்சு', கீழே இழுத்தால் 'த்து'. அடிச்சு, அடித்து. படிச்சு, படித்து. சிரிச்சு, சிரித்து. இ, ஐ ஓசைக்குப் பின்னால் வரும் 'த்து' நம் வாயில் 'ச்சு' ஆகிவிடுகிறது. 'எடுத்து', 'குடுத்து' மாறுவதில்லை. இதை யாரும் மனப்பாடம் செய்யவில்லை, பட்டையை இழுத்து இழுத்தே பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் தன் அரைஞாண் கயிற்றைக் காட்டி, "அப்ப இந்த முடிச்சும் முடித்தா அக்கா?" என்றான். அன்றைக்கு வகுப்பு அதோடு சரி.

பிறகு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்தன. அழகான பெயர்கள். சொந்த வாக்கியத்தை வாசித்துப் பழகியவர்கள் 'நுழை'யில் அதிகம் தயங்கவில்லை என்பது நான் கண்டது.

2023இல் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். பானை ஓட்டில் கீறிய பெயர்களையும், ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளையும் பார்த்துவிட்டு வந்து, ஆளுக்கொரு ஓட்டாஞ்சில்லில் ஆணியால் தங்கள் பெயரைக் கீறினார்கள். அதை வைத்தே பாண்டி ஆடினார்கள். பெயர் அழிந்தால் மறுபடி கீற வேண்டும்.

வந்தி கதை இன்னும் முடியவில்லை. அதே பெண்தான் ஒருநாள் கேட்டாள்: "சாமி எல்லாத்தயும் தின்னுட்டுச்சே, பாட்டிக்கு யாரு புட்டு குடுப்பா?" எனக்குப் பதில் வரவில்லை. அவளே ஒரு துண்டு மண்ணை உருட்டிக் கிழவிக்கு முன்னால் வைத்தாள். "எழுதுக்கா," என்றாள். "சாமி பாட்டிக்கும் புட்டு குடுத்துச்சு."

எழுதிக் கொடுத்தேன். என்னை நம்பாமல், விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத்தான் அட்டையை வாங்கிக்கொண்டாள்.