நிவாரணம் யாருடைய ஹக்கு?

முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்து நிற்கும் தீவு ஸ்ரீரங்கம். ஆற்றின் மடியில் வாழ்வோரையும் வறட்சி விட்டு வைக்காது என்பதை 2016ஆம் ஆண்டு காட்டிற்று. ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட வேண்டிய மேட்டூர் அணை அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையும் தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்துபோயிற்று. பல வயல்களில் சம்பாப் பயிர் கதிர் முற்றுமுன் கருகிற்று.

2017 ஜனவரி 10ஆம் நாள் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அறிவித்தது. மகசூலில் 33 விழுக்காட்டிற்கு மேல் இழந்தோருக்கு, நெல்லாயின் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிராயின் 3,000 ரூபாய் என வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. நிலவரியும் தள்ளுபடி ஆயிற்று. உழவு, நாற்று, நடவுக்கூலி, உரம் என்று கணக்கிட்டால் இத்தொகை போதாதுதான். எனினும் கடனில் மூழ்கியவனுக்கு அது ஒரு கைப்பிடி.

ஆனால், அந்தக் கைப்பிடி யார் கையில் சேர்ந்தது? சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் ஆகியவை கேட்கப்படும்போது, வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவரிடம் காட்டுவதற்கு என்ன இருக்கும்? குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. பதியாமல் பயிரிடுவோர் இன்றும் பலர். திருச்சியில் கடை வைத்திருப்போர், வளைகுடாவிலும் மலேசியாவிலும் பிழைப்போர் என நம் சமுதாயத்திலும் நிலத்தைப் பிறரிடம் விட்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. பட்டா நம் பெயரில், வியர்வை இன்னொருவருடையது.

ஸ்ரீரங்கம் வட்டத்தில் எங்களுக்குள்ள இரண்டு ஏக்கர் நன்செய் என் தாயார் பெயரில் இருக்கிறது. நிவாரணமாக 10,930 ரூபாய் அவர்கள் கணக்கிற்கு வந்தது. "நமக்கும்தானே இவ்வாண்டு குத்தகை நெல் இல்லை" என்றார் என் தமையனார். அதிலும் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டு அடுப்பு அந்நெல்லை நம்பித்தான் எரிந்தது. தாயாரோ, "இது கருகிய பயிருக்கு வந்த பணம். பயிரிட்டது நாமா?" என்று கேட்டார்கள்.

குத்தகைதாரரை அழைத்து முழுத்தொகையையும் கொடுத்தார்கள். அவர் தயங்கினார்: "பாக்கி இருக்கிறதே அம்மா, அதில் கழித்துக்கொள்ளுங்கள்."

"அரசாங்கமே வரியை விட்டுவிட்டது. விளையாத ஆண்டிற்கு நான் குத்தகை கேட்பதா? வாங்கிக்கொள் தம்பி."

விதையிலும் உரத்திலும் பங்கு போட்ட நிலக்காரர், அதே விகிதத்தில் நிவாரணத்தைப் பகிர்ந்துகொள்வது நீதி. எதுவும் போடாதவரின் கணக்கில் வந்து விழும் பணமோ அமானிதம். உரியவரிடம் சேர்க்கும்வரை அது நம் கழுத்தில் தொங்கும் சுமை. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் அவகாசம் அளிக்கவும், விட்டுக்கொடுப்பதே மேலென உணரவும் சூரத்துல் பகரா கற்பிக்கிறது. விளைந்த ஆண்டில் மழை நீருக்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று என உஷ்ரைத் துல்லியமாகக் கணக்கிடும் நாம், விளையாத ஆண்டிலும் அதே துல்லியத்தைக் காட்ட வேண்டாமா?

குத்தகையை எழுத்தில் பதிந்து கொடுப்போம். அடுத்த வறட்சியில் உழைத்தவரின் ஹக்கு நம் வாசலைச் சுற்றி வராமல் நேரே அவரைச் சேரும். பிறர் உரிமையில் கை வைக்காத நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.