என்ன காரியமாய் வருகிறீர்கள்?



மட்டாஞ்சேரியில் நம்முடைய தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற ஜெபக்கூட்டங்களில் ஒரு விண்ணப்பம் தவறாமல் எழும்பும். "என் மகனுக்கு விசா கிடைக்க ஜெபியுங்கள்" என்பதே அது. வளைகுடா நாடுகளுக்கு அடுத்தபடியாக அந்த விண்ணப்பங்களில் நான் அடிக்கடி கேட்கும் பெயர் மாலத்தீவு. கொச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மாலே. நம்மில் பலருக்குச் சொந்த ஊரான திருநெல்வேலிக்குப் போய்ச் சேருவதைக் காட்டிலும் இது விரைவான பயணம். நாமும் பாரத்தோடு ஜெபிக்கிறோம். விசா கிடைக்கிறது. அடுத்த மாதம் அந்தத் தாய் எழுந்து நின்று சாட்சி சொல்லுகிறார்கள். நானும் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன். ஆயினும் என் உள்ளத்தில் ஒரு கேள்வி நிற்கிறது: கிடைத்தது எந்த விசா?

ஏனென்றால், மாலத்தீவுக்குச் சுற்றுலா விசா கிடைப்பது ஓர் அற்புதமல்ல. பெரும்பாலான நாட்டவருக்கு அங்கே போய் இறங்கியவுடன் கட்டணமின்றி 30 நாட்களுக்கு அது கொடுக்கப்படுகிறது. இந்தியருக்கோ, இரு நாடுகளுக்கும் இடையிலான ஏற்பாட்டின்படி 90 நாட்கள் வரை தங்க வழியுண்டு. செல்லத்தக்க பாஸ்போர்ட், திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு, தங்குமிடம் பதிவு செய்ததற்குச் சான்று, செலவுக்குப் போதிய பணம், புறப்படுவதற்கு முந்திய 96 மணி நேரத்திற்குள் 'இமூகா' என்னும் இணையதளத்தில் நிரப்ப வேண்டிய விவரப் படிவம், இவ்வளவே தேவை. இதற்கு உபவாசக் கூட்டம் வைப்பது, பேருந்தில் டிக்கெட் கிடைக்க உபவாசிப்பதைப் போன்றது. சற்றுக் கடுமையாய் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எளிதாய்க் கிடைக்கும் இந்த விசாவிலேதான் கண்ணி வைக்கப்படுகிறது. "முதலில் டூரிஸ்ட்டாகப் போய் இறங்கு, வேலை விசாவை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜெண்டு சொல்லுவான். சுற்றுலா விசாவில் போனவர் அங்கே எந்த வேலையும் செய்யக்கூடாது என்பதே அந்நாட்டுச் சட்டம். சம்பளம் வாங்காமல் செய்தாலும் குற்றமே.

முறையான வழி வேறு. வேலை கொடுக்கிற முதலாளி முதலாவது தன் அரசாங்கத்தினிடத்தில், வரப்போகிறவரின் பெயரிலேயே வேலைவாய்ப்பு அனுமதி வாங்க வேண்டும். 'எம்ப்ளாய்மெண்ட் அப்ரூவல்' என்று அதைச் சொல்லுகிறார்கள். அந்தக் காகிதம் இங்கே கைக்கு வந்த பின்னரே பயணம். அதைக் கொண்டே மாலேயில் வேலை செய்ய வந்தவராக உள்ளே நுழைய வேண்டும். பிறகு மருத்துவப் பரிசோதனை முடித்து வேலை விசா பெறுவார்கள். இந்த வரிசையில் முதற்படியைத் தாண்டிக் குதிக்கச் சொல்லுகிறவர் எவராயிருந்தாலும், அவர் விசுவாசியாகவே இருந்தாலும், அவருக்குப் பணம் கொடாதிருங்கள்.

நம்முடைய அரசாங்கம் விமான நிலையத்தில் தடுக்காதா என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வேலைக்காகச் செல்லும்போது அந்த அனுமதி கட்டாயமாகிற நாடுகள் 18. சவூதி அரேபியா, குவைத், ஓமான், மலேசியா முதலியவை அப்பட்டியலில் உண்டு, மாலத்தீவு இல்லை. ஆகையால் அரபு நாட்டுக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் அந்த ஒரு சோதனையும் பாதுகாப்பும் மாலத்தீவுக்குப் போகிறவருக்குக் கிடையாது. அவரவர் கண்தான் அவரவருக்குக் காவல்.

நம் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு வாலிபன் இப்படித்தான் போனான். பெயரும் தீவும் வேண்டாம். கட்டட வேலை, மூன்று மாதம் உழைத்தான், கூலி நாளை, மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. புகார் கொடுக்கலாமே என்று நாங்கள் தொலைபேசியில் சொன்னபோது அவன் சொன்ன பதில் என்னைத் தூங்கவிடவில்லை. "அண்ணாச்சி, கூலி கேட்டு ஆபீசுக்குப் போனால், நீ இங்கே வேலை செய்தாயா என்று என்னைத்தானே முதலில் பிடிப்பார்கள்?" பொய்யான காகிதத்தில் நிற்கிறவனுக்கு நியாயமான கூலியைக் கேட்கவும் வாய் இல்லாமற் போகிறது. கடைசியில் தாயின் சங்கிலியை அடகு வைத்து எடுத்த பயணச்சீட்டில் திரும்பி வந்தான்.

கொரோனா நாட்களை நினைவுகூருங்கள். 2020 மே 10 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்னும் கடற்படைக் கப்பல் மாலேயிலிருந்து 698 பேரைக் கொச்சித் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டு நாள் கழித்து ஐ.என்.எஸ். மகர் 202 பேரோடு வந்தது. கர்ப்பிணிகளும் வேலை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஆபத்து நாளில் நம்மைத் தேடி வருவது ஒரு பெயர்ப்பட்டியல். காகிதத்தில் சுற்றுலாப் பயணியாகவும் கையில் மண்வெட்டியோடும் இருக்கிறவன், அந்தப் பட்டியலில் பெயர் கொடுக்கவும் அஞ்சுவான்.

பிரியமானவர்களே, வேதத்தில் பயணக் காகிதத்தைப் பற்றிப் படிக்க விரும்பினால் நெகேமியாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தைத் திறவுங்கள். எருசலேமுக்குப் போக உத்தரவு கேட்டவனிடம், பயணம் எத்தனை நாள் செல்லும், எப்பொழுது திரும்புவாய் என்று ராஜா விசாரிக்கிறான். நெகேமியா காலத்தைக் குறித்துச் சொல்லுகிறான். போகிற வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறான். மரம் எடுப்பதற்கு வனக்காவலனுக்குத் தனிக் கடிதம் கேட்கிறான். நோக்கம், காலம், செய்யப்போகும் வேலை மூன்றும் எழுத்தில் இருந்தன. அவன் ஜெபித்தவன்தான், ஜெபித்தேன் என்பதற்காகக் கடிதம் வாங்காமல் புறப்படவில்லை. இதற்கு எதிரிடையாக யோசுவாவின் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்தில் கிபியோனியர் வருகிறார்கள். பூசணம் பிடித்த அப்பத்தையும் பழைய இரட்டுப் பைகளையும் காட்டி, தூரதேசத்தார் என்று நம்பவைத்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் நியமிக்கப்பட்டார்கள். சுற்றுலா உடையில் வேலைக்குப் போகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய பைகளே ஞாபகம் வருகின்றன.

அயல் தேசம் கேட்கிறதற்கு நாம் முறுமுறுப்பதும் சரியல்ல. மட்டாஞ்சேரிக்கு எதிரே காயலுக்கு அக்கரையில் இருக்கிற வெலிங்டன் தீவில் லட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகம் உண்டு. லட்சத்தீவு நம் இந்தியாவே. அப்படியிருந்தும், 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவுவாசிகளல்லாத இந்தியர் அங்கே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சொந்த நாட்டின் தீவே 'என்ன காரியமாய் வருகிறாய்' என்று கேட்கும்போது, பிற நாட்டுத் தீவு கேளாதிருக்குமா?

நம்மைப் போன்ற விசுவாசிகள் போகுமுன் அறியவேண்டிய மற்றொன்று உண்டு. ஏஜெண்டுகள் இதைச் சொல்வதேயில்லை. மாலத்தீவில் இஸ்லாம் அரச மதம். 2008ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின்படி முஸ்லிமல்லாதார் அங்கே குடியுரிமை பெற முடியாது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மதப் பிரசங்கத்தைத் தடை செய்கிறது. அங்கே சபைக் கட்டடம் இல்லை. அறைக்குள் தனியே செய்யும் ஜெபமே உண்டு. கேரளத்திலிருந்து சென்ற ஓர் ஆசிரியர் 2011இல், வைத்திருந்த வேதாகமத்தின் காரணமாகவும் கணினியில் இருந்த கிறிஸ்தவப் பாடல்களின் காரணமாகவும் சில நாட்கள் சிறையிலிருந்து, பின் திருப்பி அனுப்பப்பட்டார். கைப்பிரதிகளைப் பெட்டியில் அடுக்கி, வேலை விசாவில் ஊழியம் செய்துவிடலாம் என்று எண்ணுகிற வாலிபர்களுக்கு இதைத் தெளிவாய் எழுதுகிறேன். வேலை விசா வேலைக்கே. அந்தத் தனிமையை உங்களால் சுமக்க முடியுமா என்று புறப்படுமுன் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். (கொச்சி வீடுகளில் பிரியமாய்க் கட்டிக் கொடுக்கும் பன்றி இறைச்சி ஊறுகாயும் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள், தாய்மார்கள் கவனிக்கவும்.)

மனைவியை அழைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சார்ந்தோர் விசா என்று தனியே உண்டு; அதில் வருகிறவர் வேலைக்குப் போகலாகாது. கணவனைச் சில வாரம் பார்த்துவரப் போகும் சகோதரிக்குச் சுற்றுலா விசாவே போதும். அதுவே உண்மையுங்கூட.

இனி, மகனை அனுப்ப ஆயத்தமாயிருக்கும் பெற்றோருக்கு. ஏஜெண்டு மத்திய அரசில் பதிவு பெற்றவர்தானா என்பதை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும்தான். பணத்திற்கு ரசீது கேளுங்கள். சந்தேகமானால் கொச்சியிலேயே குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரின் எழுத்துகளையும் பாஸ்போர்ட் எண்ணையும் முதலாளியின் பெயரையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டால் சபையில் வாசிக்கத் தெரிந்த ஒரு தங்கச்சியிடம் கொடுங்கள், வெட்கப்பட வேண்டாம். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டுப் பெட்டியிலும் மற்றொன்றைச் சபை மூப்பரிடத்திலும் வைத்த பின்பு பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.