ரத்தம் சொன்ன கணக்கு

எங்க தெருப் பொம்பளைகளுக்கு ரத்தம் இல்லை என்று அரசாங்கம் சிவப்பு மாத்திரை கொடுக்கிறது. 2018இல் வந்த திட்டப்படி கர்ப்பிணிக்குத் தரும் ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு. மேலே சர்க்கரைப் பூச்சு. சின்னப் பிள்ளைக்கு அது மிட்டாய்தான். ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டில் அதை எங்கே ஒளித்துவைப்பது?

2019இல் என் தங்கச்சி மகன் அதைத் தின்றுவிட்டான். ரெண்டு வயசு, பத்துக் கிலோ. அட்டையில் பத்து மாத்திரை காணோம். அத்தனையும் உள்ளே போயிருந்தால் கிலோவுக்கு 60 மில்லிகிராம், உயிருக்கு ஆபத்தான அளவு. எத்தனை முழுங்கினான், எத்தனை துப்பினான், யாருக்குத் தெரியும்?

முதலில் போன ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "எந்தத் தெரு?" அடுத்தது, "புள்ளயப் பாக்காம என்ன பண்ணிக்கிட்டிருந்த?" அதற்குள் வாந்தி நின்று பையன் சிரித்தான். "நல்லாத்தான இருக்கான், தூக்கிட்டுப் போ" என்றார்கள்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். இரும்பு விஷத்தில் பிள்ளை தெளிந்ததுபோல் தெரியும் ஒரு இடைவெளி உண்டு. அதற்குப் பிறகுதான் ரத்தத்தில் அமிலம் ஏறி, ஈரல் கெட்டு, உயிர் போவது. முழுங்கி நாலு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இரும்பின் அளவைப் பார்க்கணும். தாமதித்தால் இரும்பு ரத்தத்தை விட்டு உறுப்புகளுக்குள் இறங்கிவிடும். அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும். மற்ற பல விஷங்களுக்குக் கொடுக்கும் கரித்தூளும் இரும்பைப் பிடிக்காது.

"பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க சார்" என்றேன். "நீ என்ன டாக்டரா?" என்றார். எழுதித் தரும்வரை நான் நகரவில்லை.

ஐந்தாவது மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 540 மைக்ரோகிராம். 500ஐத் தாண்டினால் கடும் விஷம். உடனே டெஸ்ஃபெரியாக்சமின் நரம்பில் ஏற்றினார்கள். மூத்திரம் செம்மண் தண்ணியாகப் போனது. பிள்ளை பிழைத்தான்.

பெத்தவள் சொன்னதை நம்பாதவர்கள் 540ஐ நம்பினார்கள். அந்த எண் வருவதற்கே ஒருத்தி வாசலில் சண்டை போட வேண்டியிருந்தது. படிப்பில்லாத தாய் தனியாக வந்திருந்தால்?

மாத்திரையைச் சேரிவரை கொண்டுவர முடிகிற அரசாங்கம், அது விஷமானால் பார்க்கிற பரிசோதனையைப் பக்கத்து ஊர்வரை கொண்டுவரட்டும். அதுவரை நம்ம சனங்களிடம் சொல்லுங்கள்: அட்டையை எடுத்துக்கிட்டுப் போங்க, முழுங்கின நேரத்தைச் சொல்லுங்க, ரத்தம் பாக்கச் சொல்லிக் கேளுங்க. அது தயவு இல்ல, நம்ம உரிமை.